எட்டு மாதத்துக்குப் பிறகு திரும்பக் குடித்துவிட்டேன், இனி என்ன செய்ய?

செங்கலடிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மேசன் வேலை, கொஞ்சம் வேளாண்மையும் உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மருந்தெடுத்து எட்டு மாதம் தொடாமல் இருந்தவர், பெரியப்பாவின் செத்த வீட்டில் இரவு விழித்திருந்தபோது மச்சான்மாரோடு சேர்ந்து எடுத்திருக்கிறார். இன்றைக்கு ஆறாம் நாள், இன்னும் நிற்கவில்லை. "எட்டு மாதமும் மண்ணாய்ப் போச்சு, எந்த முகத்தோடு கிளினிக்குக்குப் போறது? மனிசி யாரோ சொன்ன குளிசையைக் கறிக்குள் கலந்து தரவா என்று கேக்கிறா, அது சரியா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் உடம்பைப் பார்ப்போம். இன்றிரவோடு விட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்துவிடாதீர்கள். தொடர்ந்து குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் ஆறேழு மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் சிலர் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள், இல்லாத பூச்சியைப் பிடிப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேய் பிடித்துவிட்டது என்று பார்வை பார்க்கக் கொண்டு ஓடுகிற வீடுகள் நம்மிடம் இன்னும் உண்டு. அது உயிர் போகக்கூடிய நிலை, நேரே வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். முன்பு நிறுத்தியபோது ஒருதரம் வலிப்பு வந்திருந்தால் இந்தமுறை வருகிற வாய்ப்பு கூட. பக்கத்து டிஸ்பென்சரியில் சேலைன் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதும் வேண்டாம், ஏனென்றால் குடிப்பவர்களுக்கு பி1 விற்றமின் குறைந்திருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் உள்ள சேலைன் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். இன்னொன்று, எட்டு மாத இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது, பழைய அளவு இப்போது உங்களுக்கு அதிகம். களவாகக் காய்ச்சுகிற கசிப்பு என்றால் அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சினவனுக்கே தெரியாது.

சரி, அந்த 'மண்ணாய்ப் போச்சு' விசயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது அந்த வரிதான். அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் 1980களிலேயே இதை விளக்கமாக எழுதினார்: முதல் கிளாஸ் ஒரு சறுக்கல், அதற்குப் பிறகு 'நான் அவ்வளவுதான், இனி என்ன இருக்கு' என்று மனம் சொல்கிறதே, அந்த வெட்கமும் வெறுப்பும்தான் ஆளை இரண்டாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. செத்த வீட்டில் குடித்தது ஒரு இரவு. மிச்ச ஐந்து நாளும் அந்த வெட்கத்தை மறக்கக் குடித்தது. சுவரில் ஒரு வரிக் கல் கோணிப்போனால் அந்த வரியைத்தான் கழற்றுவீர்கள், அத்திவாரத்தைக் கிண்ட மாட்டீர்களே. எட்டு மாதத்தில் ஈரலுக்குக் கிடைத்த ஓய்வு, மனிசியிடம் திரும்பி வந்த நம்பிக்கை, ஆசை வந்தபோதெல்லாம் தாண்டிய பழக்கம், இதையெல்லாம் ஆறு நாள் அழித்துவிடாது. கிளினிக்கில் இருப்பவர்கள் திரும்பக் குடித்துவிட்டு வருகிறவர்களை நாளாந்தம் பார்க்கிறவர்கள். யாராவது முகம் சுளித்தாலும் போங்கள், அவர்களுக்காகவா நீங்கள் போகிறீர்கள்?

நிறுத்தி, தலை தெளிந்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். குடித்த அந்த இரவிலிருந்து பின்னோக்கி ஒரு மாதத்தை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். மார்லட் பார்த்த அளவில் மனக்கஷ்டம், வீட்டிலோ வேலைத்தலத்திலோ சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல், இந்த மூன்றும்தான் அதிகம் பேரைத் திருப்பி விழுத்துகின்றன, நம்மூரில் இவற்றோடு கையில் ஒரே நாளில் விழுகிற காசையும் சேர்க்க வேண்டும். குளிசையை எப்போது விட்டீர்கள்? கிளினிக்குத் திகதியை 'இப்ப சுகம்தானே' என்று தள்ளிப் போட்டீர்களா? வயல் வட்டையில் காவலுக்கு நிற்கிற நாளில் வாடியில் யார் யார் இருந்தார்கள்? பெரும்பாலும் கை போத்தலுக்குப் போவதற்குப் பல நாட்கள் முன்னமே கால் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருக்கும்.

வேளாண்மை வெட்டி நெல் விற்ற காசு உங்கள் கைக்கு வராமல் நேரே மனிசியிடம் போகட்டும், இது மானக்கேடு இல்லை, கொஞ்சக் காலத்து ஏற்பாடு. போயாவுக்குப் பார் பூட்டு என்பதால் முதல்நாளே வாங்கி வைக்கிற கூட்டாளி யாரென்று உங்களுக்குத் தெரியும், அந்தப் பின்னேரம் அவன் வீட்டுப் பக்கமே போகாதீர்கள். செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது, அப்புறம் ஊர் கதைக்கும். பகலில் போங்கள், குடிக்காத ஒருவரோடு போங்கள், இருட்டுமுன் வந்துவிடுங்கள். இப்போதைக்குப் பெரியப்பாவின் எட்டுச்செலவுதான் வருகிறது, அதற்கு யாரோடு போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று இன்றே பேசி வையுங்கள். ஆசை வந்தால் அது அலைபோல எழும்பி, பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் தணியும். அந்த நேரத்துக்கு வயிறு நிறையச் சாப்பிடுங்கள், ஆளோடு இருங்கள், ஒருவருக்குப் போன் எடுங்கள். அந்த ஒருவர் யாரென்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் மனிசிக்கு, அந்தத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை: கறிக்குள் குளிசை கலக்கவே வேண்டாம். அது அநேகமாகக் குடியை விடுவதற்குக் கொடுக்கிற டைசல்பிராம் என்ற மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்து, பிரஷர் விழும். இதய வருத்தம் உள்ளவர் செத்தும் போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணித்தியாலமாவது போன பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும், நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை அதன் வேலை இருக்கும். தெரியாமல் கொடுத்து அவர் கண்டுபிடித்தால் நீங்கள் வைக்கிற சோற்றைக்கூட நம்ப மாட்டார். அவருக்குத் தெரிந்து, அவர் ஓம் என்று சொல்லி, ஈரலையும் இதயத்தையும் வைத்தியர் பார்த்த பிறகு, காலையில் உங்கள் கண்முன்னே அவரே எடுத்துப் போட்டால் அது நல்ல மருந்து. குடிக்கும் ஆசையைக் குறைக்கிற வேறு மருந்துகளும் உண்டு. கிளினிக்குக்கு நீங்களும் கூடவே போய், எது பொருந்தும் என்று கேளுங்கள்.