அரிசோனாப் பூ தேரி மண்ணில் வருமா?

கேள்வி: மகன் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறான். அங்கே தங்கியிருந்தபோது தெருவோரத்தில் செங்காவி நிறப் பூ பூக்கும் ஒரு புதர்ச்செடி பார்த்தேன். யாரும் தண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. ‘க்ளோப்மேலோ’ என்றார்கள். அடுத்த முறை போகும்போது விதை கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் போடலாமா ஐயா? எங்களுக்குத் தேரி மண், அதாவது செம்மணல். - ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: பையில் போட்டு மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள் அம்மா. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, விதைப்பதற்கான விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு பிடி விதைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்ததுதான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. அதை அடக்க 2010இல் ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று.

சரி, முறைப்படியே விதை கிடைத்தால் வளருமா? வெயிலைப் பற்றிக் கவலை இல்லை. தேரி மண்ணும் அதற்குத் தோதுதான், தண்ணீர் நிற்காது. கொல்லப்போவது ஐப்பசி, கார்த்திகை மழை. ஃபீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 200 மில்லிமீட்டருக்குக் குறைவு. நமக்கு வடகிழக்குப் பருவத்தில் ஒரே வாரத்தில் அவ்வளவும் கொட்டிவிடுகிற வருஷங்கள் உண்டு. மண் வடிந்தாலும் காற்றில் ஈரம் வடியாதே. அப்புறம், அந்தச் செடி இலையில் நட்சத்திர வடிவில் நுண்ணிய முடி இருக்கும். கையில் பட்டுக் கண்ணைத் தேய்த்தால் உறுத்தும். பேரக்குழந்தைகள் விளையாடுகிற முற்றத்துக்கு எனக்குச் சம்மதமில்லை.

நான் உங்களுக்குச் சொல்வது துத்தி. சிரிக்காதீர்கள். வேலியோரத்தில் களை என்று வெட்டி எறிகிறோமே, அதேதான். செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு, உங்கள் அரிசோனாச் செடி எல்லாம் ஒரே குடும்பம். அதில் துத்திதான் க்ளோப்மேலோவுக்குக் குணத்தில் நெருக்கம். அதே மாதிரி மெத்தென்ற இலை, வறட்சி தாங்கும் வேர். நிறம் மட்டும் மஞ்சள். பூ சாயங்காலந்தான் விரியும், திண்ணையில் உட்காருகிற நேரத்துக்குச் சரியாக.

காய் கறுத்துக் காய்ந்ததும் விதை எடுங்கள். தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதி முளைக்காது. இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டுப் போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் போட்டால் மழையே வளர்த்துவிடும். தேரியில் சத்து குறைவு என்பதால் குழிக்கு ஒரு கூடை மக்கிய சாணம் போதும். யூரியா வேண்டாம், இலைதான் பெருக்கும். ஆடிக்காற்றில் மணல் அரித்து வேர் வெளியே தெரியும், அதனால் தூரில் மண் அணைத்து, கிளையைப் பாதியாக வெட்டிவிடுங்கள். புதுக் கிளையில்தான் பூ நெருக்கமாக வரும்.

வெண்டைப் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். துத்தியில் வெள்ளை ஈ தங்கும். அதுதான் வெண்டைக்கு நரம்பு வெளிறல் நோயைக் கொண்டுவருகிறது. காயில் சிவப்புப் பூச்சிகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு திரியும். மருந்து அடிக்க வேண்டாம். கிளையைச் சோப்புத் தண்ணீர் வாளிக்கு மேலே பிடித்து உதறினால் விழுந்துவிடும்.