சிவத்த அடையற் பாறையில இருந்து வந்த, தண்ணி நல்லா வடியிற மேய்ச்சல் தரை மண் எப்பிடி இருக்கும்?

இந்தக் கேள்விய ரெண்டு நாளா பார்த்திட்டுப் பார்த்திட்டுப் போறன், எழுதாம விடேலாமக் கிடக்கு. கேட்டவர் சுருக்கமாத்தான் கேட்டிருக்கிறார், சிவத்த அடையற் பாறை (மணலும் சேறும் படிஞ்சு இறுகின பாறை) உக்கி வந்த, நீர்வடிப்பு நல்லா இருக்கிற மேய்ச்சல் தரை மண்ணுக்கு என்ன குணம் எண்டு. அதுக்கு ஒராள் "சிவப்பா இருந்தாலே தண்ணி வடியும், அதுதான் அடையாளம்" எண்டு பதில் போட, கனபேர் அதுக்கு லைக்கும் போட்டிருக்கினம். அந்த ஒரு வசனத்த நம்பி எங்கட குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதுதான் எழுதுறன்.

உங்களுக்கு அமெரிக்காவில ஆரோ அண்ணனோ மச்சானோ மாடு விடக் காணி பார்க்கினம், மண் அறிக்கையில இப்பிடி ஒரு வரி இருக்கு, அதைத்தான் கேக்கிறியள் எண்டு நினைக்கிறன். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை எண்டாலும் பரவாயில்லை, இது உதவும்.

2011ல நான் ஓக்லஹோமாவில படிச்சுக்கொண்டிருந்தனான். அந்த வருசக் கோடை அங்க சரியான வரட்சி. மேற்குப் பக்கம் வுட்வேர்ட் எண்ட ஊருக்குக் கிட்ட ஒரு மாட்டுக் காணியில நெஞ்சளவுக்குக் கிடங்கு வெட்டி வச்சிருந்தவை, அதுக்குள்ள இறங்கி ஆளுக்கொரு பக்கமா சுவரைச் சுரண்டிப் பார்க்கோணும். மேல ஒரு சாண் மண் செங்கபிலம், விரலுக்கிடையில உருட்டினா குரக்கன் மா மாதிரி மெத்தெண்டு இருக்கும், கொஞ்சம் நரநரப்பும் இருக்கும், புல்லு வேர் நூல் நூலாத் தொங்குது. கீழ போகப் போக சிவப்புக் கூடுது, இடையில வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு பூத்திருக்கு. படிப்பிச்சவர் அதில ஒரு சொட்டு ஐதான அமிலம் விட்டார், சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரைச்சுக்கொண்டு வந்தது. ஒரு மீட்டர் வர முதலே பாறை வந்திட்டுது. பாறை எண்டா எங்கட கருங்கல் மாதிரி இல்லை, நகத்தால கீறினாலே உதிருற செக்கச்செவேல் மணற்கல்லும், வண்டல் இறுகி வந்த மண்டிக்கல்லும். ஒரு துண்டக் கையில வச்சு நசிச்சன், மேல கிடந்த அதே மண்தான் உள்ளங்கையில. அண்டைக்குப் போட்ட சொக்ஸ் எத்தனை தரம் தோய்ச்சும் வெளுக்கேல்ல.

அந்தப் பாறை பேர்மியன் காலத்தது, ஏறத்தாழ 30 கோடி வருசத்துக்கும் 25 கோடி வருசத்துக்கும் இடையில படிஞ்சது. படியேக்கயே அதில இரும்பு ஒட்சைட்டு, ஹெமடைட் எண்டு சொல்லுறது, சேர்ந்திட்டுது. நூற்றுக்கு ஒண்டு ரெண்டு பங்கு இருந்தாலே போதும், முழு மண்ணும் சிவந்திடும். அந்த மண் வகைக்குப் பேரும் வுட்வேர்ட்தான், அங்க கூடுதலா ஊர்ப் பேரைத்தான் மண்ணுக்கு வைக்கிறவை. பாறை அரை மீட்டருக்குள்ளயே வந்திட்டா அதை வேற மண்ணாக் கணக்கெடுத்து குயின்லன் எண்டினம். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில ஒரே சரிவில கிடக்கும், அதால காணி வாங்கிறவை அறிக்கையில ஒரு பேரைப் பார்த்திட்டு முழுக்காணியும் அதுதான் எண்டு நினைக்கக் கூடாது. ஆழம் குறைஞ்சா மண் பிடிச்சு வைக்கிற தண்ணியும் குறையும், மழை பிந்தினா புல்லு முதல்ல காயிறது அங்கதான்.

அங்க மழை வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம். யாழ்ப்பாணத்தில அதின்ர ரெட்டிப்புப் பெய்யுது, கொழும்பில 2,400 அளவில. அப்ப அந்தச் சரிவுகளைப் புல்லோட விடுறதுதான் புத்தி. அந்தப் பக்கங்களில புல்லை உழுது கோதுமை போட்டவை 1930களில மண் புழுதியாப் பறந்து பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், 1935 ஏப்ரல் 14 அடிச்ச புழுதிப் புயலுக்குப் பேரே கறுப்பு ஞாயிறு.

இனி நீர்வடிப்புக் கதை. நீர்வடிப்பு நல்லம் எண்டா தண்ணிய விர்ரெண்டு உறிஞ்சும் எண்டு அர்த்தமில்லை, இதைக் கனபேர் பிழையா விளங்கி வச்சிருக்கினம். அமெரிக்க மண் ஆய்வில நீர்வடிப்ப 7 வகுப்பாப் பிரிச்சிருக்கு, மிதமிஞ்சி வடியிறதில தொடங்கி சதுப்பு மாதிரி நிக்கிறது வரைக்கும். நல்லா வடியிறது எண்டது மேல இருந்து மூண்டாவது. தண்ணி பெருசா மினக்கெடாமப் போகும், வேர் மூச்சு முட்டுற அளவுக்கு மண்ணுக்குள்ள தேங்காது, அவ்வளவுதான். அதே பேர்மியன் பாறையில வேர்னன் எண்டு இன்னொரு மண் இருக்கு, களிக்கல் உக்கி வந்தது. அதுக்கும் நல்ல நீர்வடிப்பு எண்டுதான் எழுதியிருக்கும், ஆனா தண்ணி உள்ளுக்க இறங்கிற வேகம் படு மந்தம். சரிவில கிடக்கிறதால மழை மேலாலயே ஓடிப் போகுது, நிலம் நனைஞ்சு கிடக்காது, அதால அந்த வகுப்பு. ஓடேக்க மண்ணையும் அள்ளிக்கொண்டுதான் போகும். மாட்டைக் கூடுதலா விட்டு புல்லு தேய்ஞ்சிட்டுது எண்டா வாய்க்கால் வாய்க்காலா அரிச்சுப்போடும், பேந்து புல்லைப் பிடிக்க வைக்கிறது லேசில்லை.

நிறத்துக்கு வாறன், எனக்குச் சுட்ட இடம் இதுதான். சாதாரணமா ஒரு மண்ணில தண்ணி கன நாள் நிண்டா ஒட்சிசன் தீர்ந்து, இரும்பு கரைஞ்சு போய், மண் சாம்பல் நிறமா மாறும். வயல் மண்ணை வெட்டினா நீங்களே பார்க்கலாம். அதாலதான் சிவப்பு எண்டா காத்தோட்டம், சாம்பல் எண்டா தண்ணி எண்டு படிப்பிக்கினம். ஆனா பாறையில இருந்து வந்த சிவப்பு அப்பிடி லேசில விட்டுக்குடுக்காது. அந்த ஹெமடைட் மாறுறதுக்குக் கன காலம் எடுக்கும், வருசத்தில பல கிழமை தண்ணி நிண்டாலும் மண் சிவப்பாவே இருக்கும். ஈர நிலம் அடையாளம் காணுற ஆக்களுக்கு இது தெரிஞ்ச தலையிடி, சிவத்த பாறை மண்ணுக்கெண்டே அவை தனி அடையாளம் வச்சிருக்கினம். அப்ப சிவப்ப மட்டும் பார்க்காம, பழைய வேர் போன துவாரங்களைச் சுத்தி சாம்பல் கோடு இருக்கோ, கறுப்புக் குருணி இருக்கோ, மேல்மண் கறுத்துக் கிடக்கோ எண்டு பார்க்கோணும். நிலம் எங்க கிடக்கு எண்டும் பார்க்கோணும், மேட்டில கிடக்கிற சிவப்பும் பள்ளத்தில கிடக்கிற சிவப்பும் ஒண்டில்லை.

2014ல கொழும்புக்குக் கிட்ட கொலன்னாவைப் பக்கம் 8 பேர்ச் காணி ஒண்டு வாங்கினம். வெள்ளவத்தையில வாடகை குடுத்துக் குடுத்து அலுத்துப்போய், அம்மான்ர நகையும் போட்டு வாங்கினது. காணி முழுக்க அழகான சிவத்த மண், மட்டமா, காலில ஒட்டாம. புரோக்கர் "பாருங்க ஐயா, சிவப்பு மண், சொட்டுத் தண்ணி நிக்காது" எண்டார். நான் நாலடிக்கு ஒரு கிடங்கு வெட்டிப் பார்க்கோணும் எண்டன். பெரியப்பா கையைப் பிடிச்சு மறிச்சுப்போட்டார், "காணி பார்க்க வந்த இடத்தில கிடங்கு வெட்டுறதே, ஆக்கள் என்ன நினைப்பினம்" எண்டு. பெரியவர், அவரும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் செம்பாட்டு மண்ணில வளர்ந்த மனுசன், அவருக்குச் சிவத்த மண் எண்டா எவ்வளவு இறைச்சாலும் தண்ணி நிக்காத தோட்டக் காணிதான். நானும் பேசாம நிண்டிட்டன்.

2016 மே மாசம் அந்த மழை வந்து களனி கங்கை பெருகேக்க எங்கட காணியில இடுப்பளவு தண்ணி. அது ஊருக்கே வந்த வெள்ளம், அதுக்கு மண்ணைக் குறை சொல்லேல்ல. ஆனா அக்கம்பக்கமெல்லாம் வத்தி கனநாள் கழிஞ்சும் எங்கட மூலையில தண்ணி அப்பிடியே நிண்டது. பேந்து அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டுபோய் வெட்டினன். ரெண்டரை அடிக்குச் சிவத்த கபுக் மண் (கொழும்புப் பக்கத்துச் செம்புரைக்கல் மண்), அதுக்குக் கீழ நேர்கோடு கீறின மாதிரி கன்னங்கரேலெண்ட சேறு, அழுகின முட்டை மணம், உக்காத புல்லுத் தண்டு. சதுப்பில டிப்பரால கொட்டி நிரப்பின மண். கிடங்கில அரை மணித்தியாலத்தில தண்ணி ஊறி நிரம்பிட்டுது. பெரியப்பா வரம்பில குந்திக்கொண்டு ஒண்டும் கதைக்கேல்ல.

இதில எனக்கு இன்னும் ஆறாதது காணி உறுதிப் பத்திரக் கதை. உறுதி, பிளான் எல்லாம் சிங்களத்தில. தமிழும் அரசகரும மொழி எண்டு 1987ல 13ஆம் திருத்தத்தில போட்டிருக்கு, ஆனா தமிழில விளக்கம் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு மூண்டு தரம் போனன், மூண்டு தரமும் வேற நாள் வாங்கோ எண்டு அனுப்பினவை. எனக்குக் கதைக்கத் தெரியும், வாசிக்க வராது. கடைசியில வெள்ளத்துக்குப் பிறகு வேலையிடத்து நண்பர் ஒருத்தர் வாசிச்சுக் காட்டினார், காணியின்ர பழைய பேர் "கும்புர" எண்டு முடியுது. கும்புர எண்டா வயல். அந்த ஒரு சொல்லை ஆராவது எங்கட மொழியில எழுதித் தந்திருந்தா நாங்கள் காசு குடுத்திருக்கவே மாட்டம்.

ஆரும் வந்து "கபுக் அடையற் பாறையில வந்ததில்லை, ஏன் இதுக்க செருகுறியள்" எண்டு கேக்க முதல் நானே சொல்லிப்போடுறன், எனக்குத் தெரியும். கொழும்புக் கபுக் பழைய உருமாறிய பாறை மழையிலயும் வெக்கையிலயும் உக்கிச் சிவந்தது. யாழ்ப்பாணத்துச் செம்பாடு சுண்ணக்கல்லுக்கு மேல கிடக்கு, அது அடையற் பாறைதான், ஆனா பாறை வெள்ளை, சுண்ணாம்பு கரைஞ்சுபோக மிஞ்சினதுதான் சிவப்பு. ஓக்லஹோமாவில பாறையே சிவப்பு. மூண்டும் மூண்டு விதமாச் சிவந்தது, அதைத்தான் காட்ட வந்தனான். ஓக்லஹோமா மண் கூடாது எண்டும் நான் சொல்லேல்ல, அது அருமையான மேய்ச்சல் மண், புல்லைப் பார்த்து அளவா மாட்டை விட்டா.

உங்கட ஆக்களை நேர காணிக்குப் போய், மேட்டில ஒண்டு, சரிவில ஒண்டு, பள்ளத்தில ஒண்டு எண்டு மூண்டு கிடங்கு வெட்டச் சொல்லுங்கோ, பாறை தட்டுற வரைக்கும். ஆர் என்ன நினைச்சாலும் பரவாயில்லை. சுவரில அடிமட்டம் ஒண்டு சாத்தி வச்சு, வெய்யில் நேர விழாத நேரமாப் பார்த்துப் படம் எடுத்து இங்க போடுங்கோ. நான் பார்த்துச் சொல்லுறன்.