லோகோவை நம்பி வயலை அடமானம் வைக்காதீர்கள்

திருமங்கலத்திலிருந்து வந்த அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "சார், பி.இ. முடிச்சு அந்தக் கம்பெனிக்குப் போயிட்டா எம் பொண்ணுக்குப் பாதுகாப்புதானே?" மகளுக்குப் பெண்கள் மீதுதான் நாட்டம். சென்னையில் வேலை பார்க்கும் தாய்மாமன், "ஜூன் மாசம் எங்க கம்பெனி லோகோவே வானவில் நிறமா மாறிடும், பயப்படாதக்கா" என்றாராம். மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காக வயலை அடமானம் வைக்கப் பேச்சு.

அம்மா, மகளைக் கேட்காமல் தம்பியிடம் சொன்னதே தப்பு. அதை அப்புறம் பேசுவோம்.

ஜூன், ஒருபாலீர்ப்பினரும் திருநரும் கொண்டாடும் 'பிரைடு' மாதம்; வானவில் அவர்களின் அடையாளம். அதற்காக லோகோவின் நிறத்தை மாற்ற ஒரு மதியம் போதும். திரும்ப மாற்றவும் அவ்வளவுதான். அமெரிக்காவில் டார்கெட் கடை 2023இல் எதிர்ப்பு கிளம்பியதும் பிரைடு சரக்கில் சிலவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. மனசாரச் செய்தாலும் போதாது: 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது, வாடகைக்கு வீடு கிடைக்காமல் சிலர் வேலையையே விட்டார்கள். எல்லாமே வேஷம் என்று சொல்ல மாட்டேன். டாடா ஸ்டீல் 2019இல் ஒருபாலின இணையரையும் பதிவுசெய்து சலுகை பெற வழி செய்தது. உங்கள் தம்பியிடம், காப்பீட்டில் இணையர் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "எச்.ஆர்.கிட்ட கேக்கணும் சார்." சரி, கேட்கட்டும்.

உங்கள் மகள் என்னிடம் கோடிங் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தாவின் பங்காளி வழக்குக் கட்டு அவளிடம்தான் இருக்கிறதாம். எந்த வாய்தாவில் என்ன நடந்தது என்று தேதியோடு சொல்கிறாள். இந்தப் பிள்ளையிடம் சட்டம் படி என்று ஏன் யாருமே சொல்லவில்லை?

மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் சரி, மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு வேண்டாம். தினமும் பஸ்ஸில் போய்வரலாம். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு வயல் தேவைப்படாது. முடித்ததும் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு. பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. தொழில் செய்ய மேலூர் ரோட்டிலேயே உயர்நீதிமன்றக் கிளை. சீனியரிடம் முதல் சில வருஷம் வருமானம் சொற்பம்தான், மறைக்க மாட்டேன். வயல் கையில் இருந்தால் அதைத் தாங்கலாம்.

பாதுகாப்பு கேட்டீர்களே: ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரண்டு பெண்களின் வழக்கில், 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், போலீஸ் அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, இந்த நாட்டத்தை மாற்றுகிறோம் என்று 'மாற்றும் சிகிச்சை' கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். ஜூன் முடிந்து லோகோ பழைய நிறத்துக்குத் திரும்பினாலும், அந்த உத்தரவு ஜூலையிலும் செல்லும்.

அடமானத்துக்கு நாள் குறித்திருக்கிறீர்களாமே. வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தம்பியிடம் நான் பேசுகிறேன்.