மாலை வகுப்பும் இருட்டறையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையில் அப்பா நடத்திய ஸ்டுடியோவை இப்போது நான் நடத்துகிறேன். கல்யாண வேலைதான் பிழைப்பு, எல்லாம் டிஜிட்டல். பின்கட்டில் அப்பாவின் இருட்டறை அப்படியே கிடக்கிறது. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் ஒன்று, நான்கு ட்ரே, பிரிக்காத இந்து பிராண்ட் போட்டோ பேப்பர் இரண்டு பாக்கெட். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஃபிலிம் கற்றுத்தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எட்டுப் பேர், வாரம் இரண்டு நாள், மாலை 6.30 முதல் 8.30 வரை, எட்டு வாரம். முதல் நான்கு வாரம் டிஜிட்டல், அடுத்த நான்கு வாரம் இருட்டறை என்று பாடத்திட்டம் போட்டிருக்கிறேன்.

ஒத்திகை பார்த்ததில்தான் பயம் வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் 31 டிகிரி. படத்தை வரவைக்கும் ரசாயனமான டெவலப்பரின் டப்பாவில் 20 என்று போட்டிருக்கிறது. ஐஸ் கட்டி போட்டு இறக்கினேன். எச்பி5 பிளஸ் ஃபிலிம், ஐடி-11 டெவலப்பர், தண்ணீர் கலக்காமல் ஏழரை நிமிடம். நெகட்டிவில் வானம் திட்டுத் திட்டாக வந்தது. பிரிண்ட் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, கறுப்பு கறுப்பாகவே இல்லை. கான்ட்ராஸ்ட் ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதில் ஃபிலிம் விலை வேறு. எட்டுப் பேருக்குக் கட்டுப்படியாகுமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

பிரிண்ட் சாம்பலாக வருவதற்கும் ஃபில்டர் பலிக்காததற்கும் காரணம் பேப்பர்தான். அதை முதலில் முடித்துவிடலாம். இந்து பேப்பர் செய்த உதகை ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டது, ஆலை மூடப்பட்டும் விட்டது. உங்களிடம் இருப்பது எந்த ஆண்டுச் சரக்காக இருந்தாலும் பழசு. மதுரை வெயிலில் கிடந்த பழசு. அது கிரேடு, அதாவது கான்ட்ராஸ்ட் அளவு, நிலையாக உள்ள புரோமைடு பேப்பர். கான்ட்ராஸ்ட் ஃபில்டர் வேலை செய்ய மல்டிகிரேடு பேப்பர் வேண்டும். ஒற்றைக் கிரேடு பேப்பரில் ஃபில்டர் எதை மாற்றினாலும் எக்ஸ்போஷர் நேரத்தைத்தான் மாற்றும்.

அந்தப் பேப்பர் வெளிச்சம் படாமலே பழசாகி மூட்டம் போட்டுவிட்டதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். சேஃப்லைட் என்ற இருட்டறைச் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு துண்டை இரண்டாகக் கிழியுங்கள். ஒரு பாதியை நேரே ஃபிக்ஸரில், அதாவது படத்தை நிலைநிறுத்தும் கரைசலில், போடுங்கள். மறு பாதியை டெவலப்பரில் முழு நேரம் வைத்து, பிறகு ஃபிக்ஸரில் போடுங்கள். வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தால், டெவலப்பரில் கிடந்தது சாம்பலாகத் தெரிந்தால் பேப்பர் போய்விட்டது என்று பொருள். டெவலப்பரில் பென்ஸோட்ரையசோல் என்ற ரசாயனம் கலந்து மூட்டத்தைக் கொஞ்சம் அடக்கலாம்தான். ஆனால் புதிதாகக் கற்பவர் கையில் அதைக் கொடுக்கக்கூடாது. தவறு தன்னுடையதா பேப்பருடையதா என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும். அப்பாவின் நினைவாகப் பாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு, வகுப்புக்குப் புதிய மல்டிகிரேடு ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சுள்ள) பேப்பர் வாங்குங்கள்.

வகுப்பு முழுக்க நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியதும் இதுதான். ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர், ஒரே பேப்பர், ஒரே வெப்பநிலை. எட்டு வாரத்துக்கு இவை மாறக்கூடாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் என்ன ஆயிற்று என்று மாணவருக்குத் தெரியும். இதைத் தாண்டி நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சாத்தியமாக்கும் வழிகள்தான்.

நான்கு வாரம் டிஜிட்டல், நான்கு வாரம் இருட்டறை என்று பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் மாணவர்கள் இரண்டையும் இரண்டு பாடமாக நினைத்துக்கொள்வார்கள். ஃபிலிம் கேட்டு வந்த பிள்ளைகள் நான்கு வாரம் காத்திருக்கவும் மாட்டார்கள். முதல் மாலையே இருட்டறையில் தொடங்குங்கள். கேமரா வேண்டாம், நெகட்டிவும் வேண்டாம். பேப்பர் மேல் முருங்கை இலை, சாவி, கண்ணாடி வளையல் என்று எதையாவது வைத்து என்லார்ஜர் வெளிச்சத்தைக் காட்டினால் போட்டோகிராம். எட்டுப் பேரும் ஆளுக்கொரு பிரிண்டோடு வீட்டுக்குப் போவார்கள்.

அதற்கு முன் ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப், அதாவது ஒரே துண்டில் பாகத்துக்கு ஒரு நேரம் வெளிச்சம் காட்டியது, போடச் சொல்லுங்கள். வழக்கமாக 5, 10, 15, 20 நொடி என்று போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 5க்கும் 10க்கும் இடையே ஒரு முழு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பு. 15க்கும் 20க்கும் இடையே அரை ஸ்டாப்கூட இல்லை. படிகள் சமமாக இல்லாததைப் பார்த்து எக்ஸ்போஷரைப் புரிந்துகொள்ள முடியாது. 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாக்குங்கள். முழுத் துண்டுக்கும் 2 நொடி. கால் பாகத்தை அட்டையால் மறைத்து இன்னொரு 2 நொடி. அரைப் பாகத்தை மறைத்து 4 நொடி. முக்கால் பாகத்தை மறைத்து 8 நொடி. அட்டை துண்டைத் தொட்டு நகர்த்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் டிஜிட்டல் கேமராவை மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓவையும் அபர்ச்சரையும் மாற்றாமல், ஷட்டரை மட்டும் 1/250, 1/125, 1/60, 1/30 என்று இறக்கி ஒரே சுவரை எடுக்கச் சொல்லுங்கள். முந்தைய நாள் பேப்பரில் பார்த்த அதே படிகள் கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் வலப்பக்கமாக நகர்வதைக் காண்பார்கள். ஸ்டாப் என்றால் என்ன என்று தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்காது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். டிஜிட்டலில் வெளுத்துப்போன இடம் திரும்பி வராது. நெகட்டிவில் நிழலில் பதியாதது திரும்பி வராது. அதனால் டிஜிட்டலில் வெள்ளை வேட்டியைக் காப்பாற்றவும், ஃபிலிமில் திண்ணை நிழலைக் காப்பாற்றவும் பழக வேண்டும். மாணவர்கள் கொண்டுவரும் பழைய கேமராக்களில் மீட்டர் செத்திருக்கும். சில, 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டவை. அதில் இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் ஓடும், ஆனால் தப்பாகச் சொல்லும். டிஜிட்டல் கேமராவை, எச்பி5 பிளஸின் வேகமான ஐஎஸ்ஓ 400இல் வைத்து அதையே மீட்டராகப் பயன்படுத்துவது மேல்.

இனி வெப்பநிலை. டெவலப்பருக்குள் ஐஸ் போட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். உருகின தண்ணீர் கரைசலை எவ்வளவு நீர்க்க வைத்தது என்றும் தெரியாது. உங்கள் வானம் திட்டுத் திட்டானதற்கு இதுவே போதும். 20 டிகிரியைத் துரத்துவதை விடுங்கள். 24ஐ உங்கள் ஸ்டுடியோவின் வெப்பநிலையாக வைத்துக்கொள்ளுங்கள். டெவலப்பரை 1+1 என்று, ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீராக, நீர்க்கச் செய்யுங்கள். ஐடி-11 1+1இல் எச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம், 24இல் சுமார் 9 நிமிடம். நீர்க்காமல் 24இல் டெவலப் செய்தால் ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். கரைசலை ஊற்றவும் கொட்டவும் ஆகும் நொடிகளே அதில் கணிசமான பங்கு. புதியவர் கை நடுக்கத்துக்கு 9 நிமிடம் இடம் கொடுக்கும்.

1+1இல் இன்னொரு வசதி உண்டு. பாதி தண்ணீர் என்பதால் அந்தப் பாதியை மட்டும் குளிரவைத்தால் போதும். ஒரு ரோலுக்கு 300 மி.லி. கலக்கிறீர்கள் என்றால் 150 மி.லி. டெவலப்பர், 150 மி.லி. தண்ணீர். டெவலப்பர் 31 என்றால் தண்ணீர் 17இல் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 24. ஃபிரிட்ஜ் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து 17க்குக் கொண்டுவருவது சுலபம். ஃபிக்ஸர் 1+4 என்றால் 60 மி.லி. ஃபிக்ஸருக்கு 240 மி.லி. தண்ணீர், 22 டிகிரியில். ஊற்றிய பிறகு அறைச் சூட்டில் ஏறாமலிருக்க, குலுக்காத நேரத்தில், ஃபிலிம் உள்ள மூடிபோட்ட டாங்கை 24 டிகிரித் தண்ணீர் உள்ள பேசினில் நிறுத்துங்கள். பேசின் சூடேறினால் கட்டிய பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டு அதில் மிதக்கவிடுங்கள்.

மாலை வகுப்புக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் பகலெல்லாம் வெயில் குடித்து, நீங்கள் வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான் கொதிக்கும். காலையிலேயே இரண்டு வாளி பிடித்து உள்ளே வைத்துவிடுங்கள், மண்பானையில் என்றால் இன்னும் நல்லது. ஃபிக்ஸருக்குப் பிறகு ஃபிலிமை அலசும் தண்ணீரும் அதே 24இல் இருப்பது முக்கியம். 24இலிருந்து எடுத்து 31இல் போட்டால் ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊதி, படத்தின் பொடிப்புள்ளிகளான கிரெய்ன் தடிக்கும். ஓடும் குழாயில் இதைக் கட்டுப்படுத்த முடியாது. டாங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, மூன்றாவதாக இருபது முறை. இந்த ஃபிலிமைச் செய்யும் இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் முறை இது. ஜெலட்டினைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனர் சேராத ஃபிக்ஸருக்குத்தான் பொருந்தும். ஒரு லிட்டர் தண்ணீரில் முடிந்துவிடும், மதுரைக்கு அது சின்ன விஷயமில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில், தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் ஒன்றரை மி.லி. விடுங்கள். நம் உப்புத் தண்ணீர் காய்ந்தால் விழும் வெள்ளைப் புள்ளியைப் பிறகு எடுப்பது கஷ்டம். ஃபிலிமை அது சுற்றியிருக்கும் ரீலோடு அதில் முக்காதீர்கள். அந்தச் சோப்புப் பசை ரீலில் படிந்து அடுத்த ஃபிலிமைப் பாதியில் சிக்கவைக்கும்.

சிக்குவதற்கு இன்னொரு காரணம் வியர்வை. வெளிச்சம் புகாத துணிப்பைக்குள் கை விட்டு ரீலில் ஃபிலிம் ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் பை நீராவிக் குளியலாகிவிடும். உங்களுக்கு நிஜமான இருட்டறை இருக்கிறது, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பை இல்லாமலே அங்கே ஏற்றச் சொல்லுங்கள். ஃபிலிம் நுனியின் இரு மூலைகளையும் லேசாக உருட்டி வெட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். வீணான ஒரு ரோலை வைத்து வெளிச்சத்தில் ஐந்து முறை, கண்ணை மூடி ஐந்து முறை பழகியவரை மட்டும் இருட்டில் விடுங்கள்.

கழுவிய ஃபிலிமில் தவறு தெரிந்தால் முதலில் ஓர எண்களைப் பாருங்கள். எண்கள் கறுப்பாகத் தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால் டெவலப்பர் சரி, பெரும்பாலும் கேமராவில் ஃபிலிம் நகரவே இல்லை. எண்களும் இல்லையென்றால் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது முதலில் ஃபிக்ஸரை ஊற்றிவிட்டார்கள். பால் போல மங்கலாக இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. மறுபடி ஃபிக்ஸரில் போட்டால் தெளிந்துவிடும். பிறை வடிவில் கறைகள் இருந்தால் ஏற்றும்போது ஃபிலிம் மடிந்திருக்கிறது.

பிரிண்டுக்கு வருவோம். புதிய பேப்பர் போட்டும் கறுப்பு வரவில்லை என்றால், பெரும்பாலும் சீக்கிரம் வெளியே எடுப்பதுதான் காரணம். சிவப்பு வெளிச்சத்தில் படம் இருப்பதைவிடக் கறுப்பாகத் தெரியும், அதிலும் சூட்டில் படம் மளமளவென்று வரும். பயந்துபோய் இருபது நொடியில் இழுத்துவிடுவார்கள். ஆர்சி பேப்பர் என்றால் முழு ஒரு நிமிடம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. படம் கறுத்துப்போனால் எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டுமே தவிர டெவலப்பர் நேரத்தை அல்ல. கடையில் வாங்கிய சிவப்பு எல்இடியை நம்பிவிட வேண்டாம். ஒரு துண்டு பேப்பருக்கு மிக லேசாக, வெளிர்ச் சாம்பல் வரும் அளவு மட்டும் என்லார்ஜர் வெளிச்சம் காட்டி, மேலே ஒரு நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் சேஃப்லைட்டின் கீழ் விட்டு டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்றுங்கள். வெறும் வெள்ளைப் பேப்பரில் இதைச் செய்தால் தேறிவிட்டது போலத் தெரியும், படம் விழுந்த பேப்பரில்தான் மூட்டம் காட்டிக்கொடுக்கும்.

பிறகு அளவுகோல் ஒன்று செய்துவைத்துக்கொள்ளுங்கள். படம் இல்லாத நெகட்டிவ் ஓரத்தைப் பேப்பர் மேல் வைத்து டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுங்கள். இதற்கு மட்டும் ஒவ்வொரு நொடியாக ஏற்றுங்கள். எந்த நொடியில் அந்த ஓரத்துக்கும் வெறும் பேப்பருக்கும் வேறுபாடு தெரியாத முழுக்கறுப்பு முதலில் வருகிறதோ, அதுதான் உங்கள் காண்டாக்ட் ஷீட் (நெகட்டிவ்களை நேரே பேப்பர் மேல் வைத்து எடுக்கும் பிரிண்ட்) நேரம். என்லார்ஜர் உயரம், லென்ஸின் அபர்ச்சர் எண், நேரம் மூன்றையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லா மாணவர்களின் காண்டாக்ட் ஷீட்டும் அந்த ஒரே நேரத்தில்தான். ஒருவர் படங்கள் இருண்டு வந்தால் அவர் கேமராவில் வெளிச்சம் குறைவாகக் கொடுத்திருக்கிறார். பிரிண்டில் ஈடுகட்ட விடாதீர்கள், கேமராவுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

ஒரே என்லார்ஜருக்கு எட்டுப் பேர் என்பதையும் யோசிக்க வேண்டும். இரண்டு பேர் பிரிண்ட் போடட்டும், மூன்று பேர் வெளியறையில் ஃபிலிம் கழுவட்டும், மூன்று பேர் கணினியில் இருக்கட்டும். மூடிபோட்ட டாங்குக்கு இருட்டு வேண்டாமே. 40 நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறலாம். டிஜிட்டலையும் இருட்டறையையும் ஒன்றாக நடத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ட்ரேயில் கை விடாமல் இடுக்கி பயன்படுத்தட்டும். டெவலப்பரில் சேரும் மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், வந்தவருக்கு ஒவ்வொரு முறையும் வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத நாளில் வகுப்பு வேண்டாம்.

ஃபிலிம் செலவுக்கு 100 அடி ரோல் வாங்குங்கள். 36 படச் சுருளாகச் சுற்றினால் 18 வரும். கற்பவருக்கு 36 தேவையே இல்லை, 12 படம் போதும், ஒரே மாலையில் எடுத்துக் கழுவிவிடலாம். அப்படிச் சுற்றினால் 40 சுருள் கிடைக்கும், ஆளுக்கு ஐந்து. சுற்றும் கருவியான லோடர் ஒரு முறைச் செலவு. ஃபிலிம் கழுவும் லேபில் கேட்டால் காலி கேசட் தருவார்கள். வாயில் அரை அங்குல ஃபிலிம் நீட்டிக்கொண்டிருப்பதை வாங்குங்கள், அதில் உங்கள் ஃபிலிமை டேப் போட்டு ஒட்டிச் சுற்றலாம். ஆனால் அந்தக் கேசட்டின் வெள்ளிக் கட்டங்கள் பழைய ஃபிலிமின் ஐஎஸ்ஓவையே கேமராவுக்குச் சொல்லும். அவற்றை டேப்பால் மூடிவிட்டு, கேமராவில் 400ஐக் கையால் வைக்கச் சொல்லுங்கள். கையால் மாற்ற முடியாத தானியங்கிக் கேமராக்களை இந்த வகுப்பில் சேர்க்காதீர்கள்.