இரண்டாம் பாகத்தில் நின்றுபோனவருக்கு

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டது, பத்துப் பக்கம் தாண்டினால் கை தானாக போனுக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி, அதை மூடி வையுங்கள், குடிமுழுகிப் போகாது. எனக்கும் போன வருஷம் இதே கதைதான்.

என்னை மீட்டது தமிழறிஞர் உ.வே.சா. தம் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சின்னவை. ராத்திரிக்கு ஒன்று போதும். கும்பகோணத்தில் முன்சீப்பாக (நீதிபதி) இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகும் இடத்தை முதலில் படியுங்கள். உ.வே.சா. தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசைவதாக இல்லை. கடைசியில் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்கிறார் உ.வே.சா. என்ன ரோஷம்! அன்று மூன்று அத்தியாயம் சேர்த்துப் படித்தேன்.

நாவல்தான் வேண்டும் என்றால் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. சின்னப் புத்தகம். செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பையனை ரஜாக்கர் (ஹைதராபாத் நிஜாமை ஆதரித்த படை) காலத்துக் கலவரம் மெல்ல நெருங்குகிறது. கடைசிப் பக்கங்களை மட்டும் தூங்கப்போகும் முன் படிக்காதீர்கள்.