வீடு மாறியாகிவிட்டது, புதுப்பிப்புப் பணி முடியவில்லை, இரண்டு நாய்களும் உள்ளன: ஓவியப் பணியைத் தொடர்வது எப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு நீர்வண்ண ஓவியர். வீடு மாறி நான்கு மாதங்கள் ஆகியும் ஒரு படத்தைக்கூட முடிக்க முடியவில்லை என்றும், வீட்டு வேலைக்கும் இரண்டு நாய்களுக்கும் ஓவியத்துக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்றும், நாய்களைச் சில வாரங்கள் காப்பகத்தில் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். சென்ற ஆண்டு ஏறக்குறைய இதே நிலையில் நான் இருந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் அனுபவத்தில், குறைந்துபோனது நேரம் அன்று. புதுப்பிப்புப் பணி நடந்த மாதங்களில் கணக்குப் பார்த்தால் நாள்தோறும் நான்கு மணி நேரமாவது என் கையில் இருந்தது. ஆனால் அது பத்து நிமிடம், கால் மணி, இருபது நிமிடம் என்று துண்டு துண்டாக இருந்தது. ஆகவே நேரத்தைப் பங்கிடும் அட்டவணையை விட்டுவிட்டு, உங்கள் ஓவிய வேலையில் எது இடையில் நின்றால் கெட்டுப்போகும், எது எத்தனை முறை நின்றாலும் கெடாது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள் என்பதே என் பதிலின் சாரம்.

எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாகவோ, அடோர் திட்டத்தின்கீழ் தத்தெடுத்த உள்ளூர்க் கலப்பினமாகவோ இருக்க வேண்டும். எங்கள் கறுப்பி அப்படித் தத்தெடுத்த கலப்பினப் பெண் நாய். என் சின்னம்மா தாதிமை இல்லத்துக்குச் செல்ல நேர்ந்தபோது, அவருடைய பன்னிரண்டு வயது ஷிட்சூ இன நாயான மணியை ஏற்றுக்கொள்ள உறவில் எவருக்கும் வசதி இல்லை. தனியார் வீடுகளில் மூன்று நாய்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நெடுநாள் யோசனைக்குப் பிறகு ஜூ சியாட்டில், மின்தூக்கி இல்லாத ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் வீடு வாங்கினோம். முன்பிருந்ததைவிடச் சிறிய வீடு, தரையும் குளியலறையும் முழுக்க மாற்ற வேண்டிய வீடு. மணிக்காக நான் எடுத்த முடிவு இது. இன்றும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நீர்வண்ணத்தில் வானத்தையோ கடலையோ ஒரே பூச்சாக இறக்கும்போது, தாளின் ஈரம் காய்வதற்குள் தூரிகை மறு விளிம்பைச் சென்று சேர வேண்டும். பாதியில் கை நின்றால், நின்ற இடத்தில் நிறமி ஒதுங்கிக் கோடு விழும்; அந்தக் கோட்டைப் பிறகு எப்படிக் கழுவினாலும் முழுமையாக நீக்க முடியாது. வேலை தொடங்கிய முதல் மூன்று வாரங்களில் நான் தொடங்கிய படங்கள் அனைத்தும் இவ்வாறுதான் போயின. பூச்சை இறக்கத் தொடங்கியதும் துளைக்கருவி ஒலிக்கும், மணி நடுங்கிக்கொண்டு என் காலடிக்கு வருவான், அல்லது குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேட்டு யாராவது கதவைத் தட்டுவார்கள். அந்த நாள்களில் என் திறமையே போய்விட்டதாக எண்ணி அழுதிருக்கிறேன். திறமை எங்கும் போய்விடவில்லை. அறுபடாத இருபது நிமிடம் கேட்கும் வேலையை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடும் பகலில் வைத்திருந்தேன்.

இதை உணர்ந்த பிறகு பகல் வேலையை லினோ வெட்டுக்கு மாற்றினேன். லினோலியத் தகட்டில் உளியால் கோடு கோடாகச் செதுக்கி, மை உருட்டி, தாளில் ஒற்றி எடுக்கும் அச்சு முறை அது. உளியை எந்தக் கணத்திலும் கீழே வைக்கலாம். இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் விட்ட இடம் விட்டபடியே காத்திருக்கும். லினோலியம் ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் மரத்தூளும் சேர்ந்து உருவாவது என்பதால், குளிர்நாடுகளில் அதை இளஞ்சூடாக்கித்தான் வெட்டுவார்கள். நம் ஊர் வெப்பத்தில் அதற்குத் தேவையே இல்லை. குளிரூட்டி இல்லாத அறையில் உளி வழுக்கிக்கொண்டு போகும். அச்சு இயந்திரமும் வேண்டியதில்லை. மரக்கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்தே நான் ஒற்றி எடுத்தேன். 1950களிலும் 1960களிலும் சிங்கப்பூர் ஓவியர்கள் பலர் மரவெட்டு அச்சில் தெருக்களையும் உழைப்பாளிகளையும் பதிவு செய்தார்கள். தேசியக் கலைக்கூடத்தில் அவற்றைப் பலமுறை பார்த்திருந்தும், எளிய கருவிகளைக் கொண்டு நெருக்கடியான இடத்தில் செய்யக்கூடிய கலை அது என்பது, என் வீடு உடைந்து கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நீர்வண்ணப் பூச்சுகளை மாலைக்கு ஒதுக்கினேன். வீவக வீடுகளில் உடைத்தல், துளையிடுதல் போன்ற இரைச்சலான வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். எங்கள் கட்டடத்தின் நிர்வாகக் குழுவும் ஏறத்தாழ அதே நேரத்தைத்தான் விதித்திருந்தது. மாலை 5 மணிக்குப் பிறகு வீடு அமைதியாகிவிடும் என்பது உறுதி என்றால், அந்த உறுதியை ஒரு வளமாகவே கொள்ளுங்கள். நாய்களை நடத்திக் கூட்டிவந்து, உணவு வைத்து, அவை உறங்கிய பிறகு, இரவு 8 மணி முதல் 9.30 மணி வரை யாரும் தட்டாத ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது. ஓர் இரவுக்கு ஒரு பூச்சுதான். ஆனால் அந்த ஒன்று கெடாமல் முடிந்தது.

இனி வீட்டைப் பற்றி. வரவேற்பறையும் சமையலறையும் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பணியறையை முதலில் முடித்துத் தரும்படி குத்தகையாளரிடம் கேளுங்கள். வீடு முழுவதையும் ஒரே வீச்சில் செய்வதுதான் அவர்களுக்கு வசதி. ஆனாலும் ஓர் அறையின் தரையையும் சுவரையும் முன்கூட்டியே முடித்துக் கதவைப் பூட்டிவிடுவது முடியாத காரியம் அன்று. நாங்கள் முதலில் அமர்த்திய குத்தகையாளர் முன்பணம் பெற்றுக்கொண்டு ஏழு வாரம் வேலையைத் தொடங்கவே இல்லை. அந்த ஏழு வாரமும் என் பொருள்கள் எல்லாம் பெட்டிகளில் கிடந்தன. ஆகவே பணத்தை வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். முன்பணத்துக்குப் பாதுகாப்பு அளிக்கும், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் குத்தகையாளருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கட்டடம் 1991க்கு முன் கட்டப்பட்டதாக இருந்தால், பழைய கூரைத் தகடு, தரையில் ஒட்டிய வினைல் ஓடு போன்றவற்றை உடைக்கும் முன், நுரையீரலைக் கெடுக்கும் இழைக் கனிமமான ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதா என்று தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்துவிடுங்கள். தரையோடு மூக்கை வைத்துத் திரியும் நாய்கள் உள்ள வீட்டில் இதில் சலுகையே கூடாது.

தூசியைப் பற்றி எனக்குக் கற்பித்தவர், எங்கள் வீட்டில் தரை ஓடு பதித்த சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர். நான் விளக்குமாற்றை எடுத்தபோது, “பெருக்காதீங்கக்கா, பெருக்குனா எல்லாம் மேல கிளம்பி உங்க படத்துலதான் உக்காரும். ஈரத் துணியால துடைங்க, கதவுக்குக் கீழ ஈரத் துண்டு போட்டு வைங்க” என்றார். அன்று முதல் துடைப்பது மட்டுமே. பணியறைக் கதவுக்கு வெளியே நெகிழித் திரையை ஒட்டினோம். சுவரைத் தேய்த்து மழமழப்பாக்கும் நாள்களில்தான் மிக நுண்ணிய தூசி கிளம்பும். அந்த நாள்களில் எந்த ஈரப் படத்தையும் வெளியில் வைக்கவே கூடாது. நாய்களின் ரோமத்திலும் பாதங்களிலும் ஒட்டி வரும் தூசியை நாம் மறந்துவிடுகிறோம். காயாத சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. பாதத்தைப் புண்ணாக்கும், நக்கினால் வாயையும் புண்ணாக்கும். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் நான்கு பாதங்களையும் நீரில் கழுவித் துடைப்பதை நாங்கள் வழக்கமாக்கினோம். வண்ணங்களும் அப்படித்தான். காட்மியம், கோபால்ட் கலந்த நிறமிகள் கரைந்த நீர்க்குவளையைத் தரையில் வைக்காதீர்கள். சில நீர்வண்ணங்களில் தேன் சேர்க்கப்படுவதால் நாய்களுக்கு அதன்மேல் நாட்டம் வரும்.

நான் செய்த ஒரு பெரிய தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பணியறை முடிந்ததும், இருபது ஆண்டுகளாகச் சேர்த்த படங்கள் இருந்த கோப்புறைகளைப் புதிதாகப் பூசிய சுவரில் சாய்த்து வைத்தேன். சிமெண்ட் பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் உள்ளிருக்கும் ஈரம் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரின் காற்றிலோ ஈரப்பதம் ஏற்கெனவே சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பதினோரு தாள்களில் சாம்பல் பச்சை நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. நல்ல நீர்வண்ணத் தாள்களுக்கு ஊட்டப்படும் ஊன்பசை (ஜெலட்டின்) பூஞ்சைக்கும் உணவு. அவற்றில் இரண்டு, சின்னம்மாவின் பழைய வீட்டு முற்றத்தை நேரில் அமர்ந்து நான் வரைந்தவை. அந்த வீடு இப்போது இல்லை. தாள்களைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். முடிந்தால், புகைப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வையுங்கள். அலமாரி வாங்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

நாய்களால் என் ஓவியத்துக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். மணிக்கு மூட்டு வலி. மூன்று மாடியும் தூக்கித்தான் இறக்க வேண்டும், தெருவிலும் பத்து அடிக்கு ஒருமுறை நின்றுவிடுவான். தொடக்கத்தில் அந்த நிற்றல் எனக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. பிறகு ஒரு சிறு குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வார்க்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவன் நிற்கும் இடத்தில் நானும் நின்று வரையத் தொடங்கினேன். ஜூ சியாட் 2011இல் மரபுடைமை வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பகுதி. கூன் செங் ரோட்டின் பூவேலைச் சுவர்களையும், சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் ஆலயக் கோபுரத்தின் மேல் காலை வெயில் இறங்குவதையும், மணி நிற்காமல் நடந்திருந்தால் நான் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டேன். அந்தக் குறிப்பேட்டுக் கோடுகளே பகலில் லினோவுக்குப் போயின. ஓடு பதித்த தம்பியின் கைகள் சாந்தைப் பரப்பும் காட்சியையும் அவர் அனுமதியுடன் செதுக்கினேன்; முதல் அச்சுப் படியை அவருக்கே கொடுத்தேன். அதைச் சுருட்டி, ஊரில் உள்ள அம்மாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

நாய்களைக் காப்பகத்தில் விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லா வாரங்களுக்கும் வேண்டாம். தரையை உடைக்கும் நாள்களுக்கு மட்டும் வெளியே அனுப்புவது நல்லது. அந்த இரைச்சலில் மூச்சிரைப்பது, காரணமின்றிக் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, ஒளிந்துகொள்வது ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். எங்களுடையது மூன்று நாள் உடைப்பு. இரண்டையும் காப்பகத்தில் விட்டோம். கறுப்பி சமாளித்துக்கொண்டாள், ஆனால் அண்மையில்தான் சின்னம்மாவைப் பிரிந்திருந்த மணி இரண்டு நாள் எதையும் உண்ணவில்லை. மூன்றாம் நாள் அவனை மட்டும் அழைத்துக்கொண்டு ஒரு தோழியின் தரைவீட்டில் பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். குளியலறை உடைப்புக்கு முன்பு வேறு வழியைக் கையாண்டோம். துளையிடும் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்து, உணவு வைக்கும் வேளையில் மிகக் குறைந்த ஒலியளவில் ஓடவிட்டு, இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டினோம். உண்மையான துளைக்கருவி வந்த நாளில் கறுப்பி தலையைக்கூடத் தூக்கவில்லை. மணி எழுந்து என் பணியறைக்கு வந்து, உளியும் லினோவும் இருந்த மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டான். உங்கள் இரண்டில் ஒன்று வயதானதாகவோ அண்மையில் உரிமையாளர் மாறியதாகவோ இருந்தால், காப்பகத்துக்கு முன் இந்த ஒலிப் பயிற்சியை இன்றே தொடங்கிப் பாருங்கள். நாய் உரிமத்தில் புதிய முகவரியை மாற்றிவிட்டீர்களா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திறந்து கிடக்கும் கதவுகளும் வந்துபோகும் அந்நியர்களும் நிறைந்த வீட்டிலிருந்துதான் நாய்கள் தெருவுக்கு ஓடிவிடுகின்றன.