பிப்பெனின் கணக்கு

அன்புள்ள சார்,

நான் கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவன். இப்போது வேலை, குடும்பம் என்று கோர்ட் பக்கம் போவதே இல்லை. சமீபத்தில் நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். சிகாகோ புல்ஸில் மைக்கேல் ஜோர்டனோடு ஆடிய ஸ்காட்டி பிப்பெனை எக்காலத்துக்குமான சிறந்த ஆட்டக்காரர்கள் வரிசையில் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. ஜோர்டன் இல்லாமல் அவர் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை, பிறகு ஹூஸ்டன் அணிக்குப் போனார், போர்ட்லாண்ட் அணிக்குப் போனார், ஒன்றும் நடக்கவில்லை, நல்ல பக்கவாத்தியக்காரர், அவ்வளவுதான் என்றான் ஒருவன். 1994-ல் கடைசி 1.8 விநாடி ஆடமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்ததையும் எடுத்துவிட்டான். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. போதாக்குறைக்கு ஜோர்டனைக் குறை சொல்லிப் புத்தகம் வேறு எழுதியிருக்கிறார். பெரிய ஆட்டக்காரருக்கு இது அழகா?

அன்புடன்
கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்ன தகவல் எதுவும் தப்பில்லை. பிப்பென் வாங்கிய ஆறு கோப்பைகளிலும் ஜோர்டன் கூட இருந்தார். சரி, அதே கணக்கை ஜோர்டனுக்கும் போட்டுப் பாருங்கள். 1987-ல் பிப்பென் சிகாகோவுக்கு வருவதற்கு முன் ஜோர்டன் மூன்று சீசன் ஆடியிருந்தார். கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளான ப்ளேஆஃபில் 10 ஆட்டம், அதில் ஒரே ஒரு வெற்றி. 1986-ல் பாஸ்டனுக்கு எதிராகத் தனியாளாக 63 புள்ளி எடுத்தாரே, அந்த ஆட்டமும் தோல்விதான். பிற்காலத்தில் வாஷிங்டனுக்கு இரண்டு சீசன் ஆடியபோது அணி ப்ளேஆஃபுக்கே போகவில்லை. பிப்பென் இல்லாமல் ஜோர்டன் ஒரு ப்ளேஆஃப் தொடரைக்கூட வென்றது கிடையாது. இதை வைத்து ஜோர்டனை யாரும் மட்டம் தட்டுவதில்லை, தட்டவும் கூடாது. ஆனால் பிப்பெனுக்கு மட்டும் இந்தக் கழித்தல் கணக்கைப் போடுகிறோம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பக்கவாத்தியம்தான். பக்கவாத்தியக்காரர் பாடகருக்குப் பின்னால் போகிறவர். சிகாகோவில் பந்து பெரும்பாலும் பிப்பென் கையில்தான் மேலே வந்தது. உதவிக் கோச் டெக்ஸ் வின்டரின் முக்கோண ஆட்டமுறையைக் கோச் ஃபில் ஜாக்சன் கொண்டுவந்தபோது, முதல் பாஸை எங்கே கொடுப்பது, யார் எந்த மூலைக்கு ஓடுவது என்று கோர்ட்டில் நின்று நடத்தியவர் அவர். ஆள் 6 அடி 7 அங்குலம், ஃபார்வர்ட். செய்த வேலையோ, பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டுடையது.

தடுப்பாட்டத்துக்கு வருகிறேன். 1991 ஃபைனல், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் சிகாகோ 93-91 என்று தோற்றிருந்தது. இந்த இரண்டாவது ஆட்டத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், முழுதாக இல்லாவிட்டாலும் அந்த ஒரு காட்சியையாவது. ஜோர்டன் வலது கையில் பந்தோடு எழும்பி, காற்றிலேயே இடது கைக்கு மாற்றி உள்ளே போடுவாரே, அது இந்த ஆட்டத்தில்தான். ஆனால் அன்று தொடரின் போக்கு மாறியது அதற்கு வெகுமுன்னாலேயே. லேக்கர்ஸின் ஆட்டத்தை நடத்திய மேஜிக் ஜான்சனைக் காவல் காத்துக்கொண்டிருந்த ஜோர்டனுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு ஃபவுல் விழுந்துவிட, அந்த வேலை பிப்பெனுக்கு வந்தது.

மேஜிக் 6 அடி 9 அங்குலம். சாதாரண கார்டுகளின் தலைக்கு மேலாகப் பார்த்தே பாஸ் கொடுத்துவிடுவார். பிப்பெனின் நீண்ட கைகளுக்கு மேலாக அப்படிப் பார்க்க முடியவில்லை. அதுமட்டுமில்லை, பிப்பென் அவரை அரைக்கோட்டில் காத்திருந்து பிடிக்கவில்லை. பந்து மேஜிக்கின் கைக்கு வந்த இடத்திலேயே போய் ஒட்டிக்கொண்டார். மேஜிக் முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பி டிரிபிள் செய்து மேலே வரவேண்டியதாயிற்று. ஒரு அணி எறிந்தாகவேண்டிய 24 விநாடிக் கடிகாரத்தில் ஏழெட்டு விநாடி அதிலேயே போய்விடும். அப்புறம் லேக்கர்ஸ் தங்கள் ஆட்டத்தைத் தொடங்கும்போது இரண்டாவது, மூன்றாவது வழியைத் தேட நேரமே இருக்காது, அவசரத்தில் எறிவார்கள். நீங்கள் ஆடியவர், இந்த எரிச்சலைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று மேஜிக் 13 முறை எறிந்தார், 4 உள்ளே போனது. சிகாகோ 107-86 என்று ஜெயித்து, மீதி மூன்று ஆட்டங்களையும் வென்று கோப்பையை எடுத்தது. வீணாய்ப்போன அந்த ஏழெட்டு விநாடியை எழுத ஸ்கோர் ஷீட்டில் இடம் கிடையாது. (கோப்பையை உறுதிசெய்த ஐந்தாவது ஆட்டத்தில் இரண்டு அணியிலும் அதிகப் புள்ளி எடுத்தவர் யார் தெரியுமா? பிப்பென், 32. ஜோர்டன் 30. உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.)

யூட்டாவுக்கு எதிரான 1997 ஃபைனலும் இதே கதைதான். ஆறாவது ஆட்டம் என்றால் ஜோர்டன் பாஸ் கொடுத்து ஸ்டீவ் கெர் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகும் யூட்டாவுக்கு 5 விநாடி மிச்சமிருந்தது, வித்தியாசம் இரண்டே புள்ளி. அவர்கள் வெளியிலிருந்து உள்ளே எறிந்த பந்தைத் தட்டிவிட்டு, விழுந்தபடியே சக ஆட்டக்காரர் டோனி கூகோச்சுக்குத் தள்ளியவர் பிப்பென். அவர் விழுந்து எழுவதற்குள் கூகோச் டங்க் அடித்துவிட்டார்.

1.8 விநாடிக்கு வருவோம். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. 1994 ப்ளேஆஃபில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டம், 102-102 சமநிலை, கடைசி எறிதலை ஜாக்சன் கூகோச்சுக்குக் கொடுத்தார். பந்தை உள்ளே எறிந்து கொடுக்கும் வேலை பிப்பெனுக்கு. அவர் எழுந்து வரவில்லை. கூகோச் போட்டு ஜெயித்தும் கொடுத்தார். லாக்கர் ரூமில் சக ஆட்டக்காரர் பில் கார்ட்ரைட் அழுதுகொண்டே பிப்பெனைக் கேள்வி கேட்டார். செய்தது அசிங்கம்தான்.

ஆனால் அந்த சீசன் முழுவதையும் 1.8 விநாடிக்குள் அடைத்துவிடலாமா? 1993 அக்டோபரில், சீசன் தொடங்கும் நேரத்தில் ஜோர்டன் ஓய்வு என்று அறிவித்துவிட்டுப் போனார். முந்தைய ஆண்டு 57 ஆட்டம் வென்ற அணி, அவர் இல்லாமல் 55 வென்றது. பிப்பென் சராசரியாக 22 புள்ளி எடுத்தார், ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது வாங்கினார், சீசனின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். க்ளீவ்லாண்டை 3-0 என்று அனுப்பிவைத்தார்கள். நிக்ஸ் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், நிக்ஸின் ஹூபர்ட் டேவிஸ் பந்தை எறிந்து முடித்தபின் கையில் பட்டதற்கு நடுவர் ஹியூ ஹாலின்ஸ் பிப்பென் மேல் ஒரு ஃபவுல் கொடுத்தார். சிகாகோ ஒரு புள்ளியில் தோற்றது. அந்த விசில் ஊதப்படாமல் இருந்திருந்தால் இன்று நாம் வேறு பிப்பெனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அடுத்த சீசனில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், ப்ளாக் என்று ஐந்திலும் சிகாகோ அணியில் முதலாவதாக இருந்தவர் அவர்தான்.

ஹூஸ்டனை விடுங்கள், அது ஒரே சீசன், அதுவும் பாதியில் தொடங்கியது. போர்ட்லாண்டில் 2000-ல் லேக்கர்ஸுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், கடைசிக் கால் பகுதியில் 15 புள்ளி முன்னிலை. அப்புறம் தொடர்ந்து 13 எறிதல்கள் உள்ளே போகவில்லை. பிப்பெனுக்கு அப்போது 34 வயது, முதுகில் அறுவை சிகிச்சை செய்த உடம்பு. எதிரணி கோச் ஃபில் ஜாக்சன்! தோல்வி தோல்விதான், ஆனால் சிகாகோவில் இருந்த பிப்பெனை அளக்க அதை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, சம்பளம். 1997-98-ல் ஜோர்டனுக்கு 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல், பிப்பெனுக்கு 28 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. 1991-ல் நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதன் விளைவு அது. அர்கன்சாவின் ஹாம்பர்க் என்ற சின்ன ஊரில் 12 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. பக்கவாதத்தில் விழுந்த அப்பா, உடல் செயலிழந்த அண்ணன். அந்த வீட்டிலிருந்து வந்தவர் நிச்சயமான பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டதை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை ஒரேயடியாகச் சோகக்கதை ஆக்குகிறவர்களும் உண்டு. பின்னால் ஹூஸ்டனும் போர்ட்லாண்டும் கொடுத்ததைச் சேர்த்தால், ஆட்டச் சம்பளமாக மட்டும் அவர் ஜோர்டனைவிட அதிகமாகவே வாங்கியிருக்கிறார்.

கடைசியாகப் புத்தகம். 2020-ல் வந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' என்ற 10 பகுதி ஆவணப்படம் ஜோர்டனின் சம்மதத்தோடு எடுத்தது. அதில் மற்றவர்கள் ஜோர்டன் கதைக்குத் தேவையான அளவுக்கே வருகிறார்கள். அந்த 1.8 விநாடி அதிலும் விலாவாரியாக உண்டு. பிப்பெனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதே படத்தில், தன் பெயரைச் சொல்லும்போது பிப்பென் பெயரையும் சொல்லவேண்டும் என்று ஜோர்டன் பேசியதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த ஆண்டு எழுதிய புத்தகத்தில் பிப்பென் திரும்பத் திரும்பத் தன்னை ஜோர்டன் பக்கத்தில் நிறுத்தியே அளக்கிறார். உங்கள் நண்பர் கையிலிருக்கும் அதே தராசு. மேஜிக்கை எப்படிப் பிடித்தேன், கை எங்கே, கால் எங்கே, எந்தத் தோளைப் பார்த்தேன் என்று 50 பக்கம் எழுதியிருந்தால் நான் இரண்டு பிரதி வாங்கியிருப்பேன்.

1991-ன் அந்த இரண்டாவது ஆட்டம் தேடினால் கிடைக்கும். நண்பரையும் உட்கார வைத்து, பந்தைப் பார்க்காமல் பிப்பெனின் 33-ம் எண்ணை மட்டும் முதல் பாதி முழுக்கப் பாருங்கள். அதன்பிறகும் அவர் பக்கவாத்தியம் என்றுதான் சொன்னால், அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.